கிழிக்க இசையும் தாள்

கேள்வி: அச்சிட்ட மாதிரித் தாளின் மேலேயே துணித் துண்டுகளை வைத்துத் தைக்கும் ‘பேப்பர் பீசிங்’ முறையில், குவில்ட்டுக்காக (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) ஒரு நட்சத்திரக் கட்டம் செய்தேன். சாதாரண ஜெராக்ஸ் தாளைத்தான் பயன்படுத்தினேன். தாளைக் கிழித்தெடுத்தபோது தையல்கள் தளர்ந்துவிட்டன. இரண்டு இடங்களில் பிரிந்தும் போயின. இதற்கென்று தனித் தாள் வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: வாங்குவதற்கு முன் உங்கள் தையலின் நீளத்தைப் பாருங்கள். இந்த முறையில் தாளைக் கிழிக்க வழி செய்வது ஊசி போட்ட துளைகள்தான். தபால்தலைத் தாளில் துளை வரிசை எதற்காக இருக்கிறதோ அதற்காகவே இங்கும் அது தேவைப்படுகிறது. வழக்கமான இரண்டரை மில்லிமீட்டர் தையலில் துளைகள் விலகி விழுவதால், தாள் எளிதில் பிரியாமல் நூலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 17 தையல் விழும்படி குறைத்து, 14ஆம் எண் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் குறைத்தால் தைக்கும்போதே தாள் பிரியத் தொடங்கும். தவறிப் போன தையலைப் பிரிப்பதும் பெரும்பாடாகிவிடும்.

இனி தாளுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். நான்கைந்து பெரிய துண்டுகள் மட்டும் கொண்ட கட்டத்துக்கு, தையலைக் குறைத்துவிட்டால், 70 ஜிஎஸ்எம் தாளே போதும். உங்கள் நட்சத்திரத்தைப் போலக் கூர்முனைகளும் சிறு துண்டுகளும் நெருங்கி வரும் கட்டத்தில்தான் அது தொல்லை தரும். தையல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் மூலைகளில் சிக்கும் தாள் துணுக்குகளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய வேலைக்கு நான் முதலில் சொல்வது, செய்தித்தாள் அச்சடிக்கப் பயன்படும் அச்சிடாத வெற்றுத் தாளைத்தான். அது 45 முதல் 50 ஜிஎஸ்எம் வரையே இருப்பதால், தைக்கும்வரை தாங்கி, இழுத்தவுடன் விட்டுவிடுகிறது. அச்சான பழைய செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அதன் மை வெளிர்நிறத் துணியில் இறங்கிவிடும்.

டிரேசிங் தாளின் பெரிய நன்மை அதன் ஊடாகத் துணி தெரிவது. துண்டு கோட்டைத் தாண்டிக் கால் அங்குலம் நிற்கிறதா என்பதைத் தைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்பதால், புதிதாகக் கற்பவருக்கு இது மிகவும் உதவும். ஆனால் நீராவி பட்டால் சுருண்டுகொள்ளும். மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய தாளைத் தவிர்த்துவிடுங்கள்; இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அந்தப் பூச்சு இளகித் துணியில் ஒட்டும்.

எந்தத் தாளானாலும், ஒரு துண்டுத் துணியோடு சேர்த்து ஒரு கோடு தைத்துக் கிழித்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அச்சிடும்போது அளவு நூறு சதவீதமாக இருக்க வேண்டும். மாதிரியில் உள்ள ஓர் அங்குலச் சதுரத்தை அளவுகோலால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கசியும், லேசர் அச்சின் தூள் சூட்டில் ஒட்டும். ஆகவே நீராவி இல்லாமல், துணிப் பக்கத்திலிருந்தே இஸ்திரி போடுங்கள். அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொள்வது நல்லது.

கிழிப்பதிலும் அவசரம் கூடாது. கட்டத்தின் ஓரங்களில் துணி பல இடங்களில் இழைகளுக்குச் சாய்வாக வெட்டுப்பட்டு அமைந்திருக்கும். தாள் போனதும் அது இழுபட்டு அளவு மாறிவிடும். எனவே பக்கத்துக் கட்டங்களோடு இணைத்த பிறகே தாளை எடுங்கள். கடைசியில் தைத்த துண்டிலிருந்து தொடங்கி, தையல் கோட்டில் தாளை முன்னும் பின்னும் மடித்து, தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிழித்தால் நூல் தளராது.

கேள்வி: தாளைக் கிழிக்காமல் உள்ளேயே விட்டுவிட்டால் என்ன?
– இன்னொரு வாசகி

பதில்: இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு பொறித்த ஒரு பட்டு ஒட்டுத்தையல் விரிப்பில் தாள்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் அது தாள் அச்சின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் வேறு முறை; இன்று பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கும் பொருளும்கூட. நீங்கள் தைப்பது போர்த்திக்கொள்ளவும் துவைக்கவும் என்றால், உள்ளே இருக்கும் தாள் சரசரக்கும். முதல் சலவையிலேயே கூழாகி ஒரு பக்கம் திரண்டுவிடும். கட்டங்களை இணைத்த பிறகு, அடித்துணி வைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.