ரியூப் லைற் போட்டால் பவளம் ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மேலே வீட்டுக்குப் போடும் வெள்ளை எல்.இ.டி. ரியூப் லைற் இரண்டு. சோவாந்தஸ் என்ற மென்பவளத்தின் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகி, தண்டும் நீண்டுகொண்டே போகிறது. எத்தனை வாட்ஸ் லைற் வாங்க வேண்டும்? பிறகு அக்ரோபோரா என்ற கிளை விடும் கல்பவளமும் வைக்க ஆசை.
— வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: வாட்ஸ் கரண்ட் பில்லுக்கான கணக்கு. லூமன் மனிதக் கண்ணுக்கான கணக்கு. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியை வாங்கி அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. அந்தப் பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவை பி.ஏ.ஆர். என்பார்கள். கடையில் கேட்க வேண்டியது அதைத்தான். அதுவும் லைற்றுக்கு நேர் கீழே எவ்வளவு என்று இல்லை, உங்கள் பவளம் இருக்கும் ஆழத்தில் எவ்வளவு என்று.

ஒளி போதாவிட்டால் பாசி பெருகும், அதன் நிறமியும் கூடும். அதுதான் நீங்கள் காணும் பழுப்பு. தண்டு நீள்வதும் ஒளியைத் தேடித்தான். பழுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதல், அது பாசிக்கு உரம். வற்றும் தண்ணீருக்குக் கிணற்று நீரை ஊற்றுகிறீர்களா? அப்படியானால் முதலில் அதை நிறுத்தி ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீருக்கு மாறுங்கள். இதைச் சரிசெய்யாமல் லைற்றை மட்டும் மாற்றினால் தொட்டி முழுக்க வேண்டாத பாசி பிடிக்கும்.

சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு பி.ஏ.ஆர். 50 முதல் 150 வரை தாராளம். மஷ்ரூமுக்கு அதிலும் கீழ்ப்பக்கம்தான் பிடிக்கும். அக்ரோபோராவுக்கு 200க்கு மேல், பலர் 300 வரை கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கலாம். அக்ரோபோரா கல்லின் உச்சியில், மஷ்ரூம் கீழே நிழலில்.

நிறத்தைப் பொறுத்தவரை நீலம்தான் பிரதானம். கடல்நீர் சிவப்பை முதல் சில மீற்றரிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால் பாசியும் நீல ஒளிக்கே பழகியது. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய, பவளத் தொட்டிக்கென்றே செய்த எல்.இ.டி. வாங்குங்கள். மூன்றடிக்குப் பெரிய லைற் ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது; ஓரங்கள் இருட்டாகாது, கல்லின் நிழலும் குறையும். மெற்றல் ஹலைட் என்ற பழைய வகைச் சூடான விளக்கை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஒளி அருமையாக இருக்கும், ஆனால் அந்தச் சூட்டை யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசி வெயிலோடு சேர்த்து யார் தாங்குவது? தண்ணீர் 25–27 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். 30ஐத் தாண்டினால் மற்ற நாளில் தாங்கிய ஒளியே பவளத்துக்கு நஞ்சாகும். உள்ளிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998இல் இலங்கைக் கடலில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளுத்ததும் கடல் சூடேறியதால்தான். வெக்கை நாட்களில் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஒன்று ஓடட்டும், லைற்றையும் கொஞ்சம் குறையுங்கள்.

புது லைற்றை முதல் நாளே முழு வெளிச்சத்தில் போட வேண்டாம். 30 வீதத்தில் தொடங்கி, வாரம் 5 வீதம் கூட்டுங்கள். பி.ஏ.ஆர். மீற்றர் விலை கூட. கைபேசிச் செயலிகள் நீல ஒளியில் தவறான கணக்கே காட்டும். பவளத்தையே பாருங்கள். மஷ்ரூம் சுருங்கி ஓரம் மேலே மடிகிறதா, சோவாந்தஸ் பகலிலும் மூடிக் கிடக்கிறதா? கூட்டுவதை நிறுத்தி ஒரு படி இறங்குங்கள். சோவாந்தஸ் கட்டையாகி, விரிந்து, நிறம் திரும்பினால் அந்த அளவோடு விட்டுவிடுங்கள். ரைமர் போட்டு நாளுக்கு எட்டு, ஒன்பது மணித்தியாலம் போதும். கரண்ட் போனால் லைற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒருநாள் இருட்டைப் பவளம் தாங்கும், தண்ணீர் ஓட்டம் நின்று ஒட்சிசன் குறைவதைத்தான் தாங்காது. கையில் பற்றரி இருந்தால் அலை பம்புக்குக் கொடுங்கள்.

அக்ரோபோராவுக்கு அவசரப்படாதீர்கள். தொட்டி ஒரு வருடமாவது ஆட்டமில்லாமல் ஓடட்டும். அதற்காகத் தீவகப் பக்கம் போய்க் கடலில் பெயர்த்து எடுத்து வரவும் வேண்டாம், அது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வருவதென்றாலும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) அனுமதிப் பத்திரம் தேவை. விற்பவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.