‘சார்’ போட்டால் மரியாதை வந்துவிடுமா?

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். வீட்டில் படுகு, கடைத்தெருவில் தமிழ், இப்போது தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இங்கிலீஷ். தூள் வாங்கும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில், ‘சார் சாம்பிள் சென்ட். செக் அண்ட் ரிப்ளை ஃபாஸ்ட்’ என்று அனுப்பினேன். ‘கஸ்டமருக்கு இப்படியா எழுதுவது?’ என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மறுநாள் ‘ரெஸ்பெக்டட் சார், ஐ பெக் டு இன்ஃபார்ம் யூ’ என்று ஆரம்பித்தேன். அதற்கு ஆபீசே சிரிக்கிறது. நான் எப்படித்தான் எழுதுவது?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: சிரித்தவர்களும் அந்த ‘ஐ பெக்’கில் தொடங்கியவர்களாகத்தான் இருப்பார்கள், விடுங்கள். நம்மில் பலருக்கு முதல் இங்கிலீஷ் கடிதமே லீவ் லெட்டர்தான். காய்ச்சல் இல்லாத நாளிலும் ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுதியவர்கள் நாம். அதை விட்டால் தோழிகளோடு போடும் சாட். நடுவில் ஒரு நடை இருப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

உங்கள் முதல் மெசேஜை எடுத்துக்கொள்வோம். மனதில் நீங்கள் நினைத்தது, ‘சீக்கிரம் பதில் போடுங்க சார்’. அதில் மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. இங்கிலீஷ் வினைச்சொல்லில் ‘ங்க’ ஒட்டாது, வழியிலேயே உதிர்ந்துவிடும். போய்ச் சேர்ந்தது, ‘சீக்கிரம் பதில் போடு’. பக்கத்தில் ‘சார்’ நின்றாலும் அதட்டல் அதட்டல்தான். இங்கிலீஷ்காரர்கள் அந்த மரியாதையைக் கேள்வியாக்கிச் சொல்கிறார்கள்: ‘குட் மார்னிங் சார். வீ சென்ட் தி சாம்பிள் பை கூரியர் டுடே. குட் (could) யூ லெட் மீ நோ வென் இட் ரீச்சஸ் யூ?’ அவ்வளவுதான். ‘பெக்’கும் வேண்டாம், ‘ஃபாஸ்ட்’டும் வேண்டாம்.

இதே மாதிரி வழுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நமக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவே. வெளிநாட்டுக்காரருக்கு அது, உன்மேல் நம்பிக்கை இல்லை என்பதுபோல் படலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். அப்புறம் ‘டியர்’. கடிதத்தில் ‘டியர் சார்’ என்றால் ஆபீஸ் வாடை. சாட்டில் ‘எஸ் டியர்’ என்றால்... வேண்டாம், மேனேஜர் மறுபடி கூப்பிடுவார்.

‘யூ’வுக்கு ஒற்றை எழுத்து போடும் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது சோம்பேறித்தனத்தில் பிறந்ததல்ல. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்துதான் கொள்ளும். பட்டன் போனில் அந்த மூன்றெழுத்துச் சொல்லை முழுதாக அடிக்க 8 தட்டு, ஒற்றை எழுத்துக்கு 2. விரல் கணக்கு அது. இப்போது இரண்டு எழுத்து அடிப்பதற்குள் போனே முழுச் சொல்லை நீட்டுகிறது. தோழிக்கு எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். காசு கைமாறும் இடத்தில் முழுச் சொல்.

உங்களுக்கு இது புதிதும் இல்லை. ‘வரேன்’ என்று பேசிவிட்டு ‘வருகிறேன்’ என்று எழுதுகிறவர் நீங்கள். அதற்கும் மேலே படுகு வேறு. ஆள் பார்த்து நடை மாற்றுவது உங்களுக்குத் தினசரி வேலை. எனவே அந்த வியாபாரி ‘ஓகே, தேங்க்ஸ்’ என்று இறங்கி வந்தால் நீங்களும் அந்தப் படிக்கு இறங்கலாம். முதலில் இறங்குவது அவராக இருக்கட்டும்.

சரி, மேனேஜர் அனுப்பும் மெயில் ஒன்றையும் ஒருநாள் ஓரக்கண்ணால் பாருங்கள். கடைசி வரியில் ‘ஐ பெக்’கின் அண்ணன் ‘கைன்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இருந்தால் எனக்கு எழுதுங்கள்.