எஞ்சின் ஓடும்போதும் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

புதிய பேட்டரி போட்ட பிறகும் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 12.1 வோல்ட்தான் காட்டுகிறது, டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையாமல் எரிகிறது, ஆகவே எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். மின்சாரம் வந்து சேர வேண்டிய இடத்தைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள். அது புறப்படும் இடத்தை இன்னும் அளக்கவில்லை. ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை உண்டாக்கவே இல்லையா, அல்லது உண்டாக்கியது வழியில் தடைபடுகிறதா என்று தெரியாமல் அதைக் கழற்றினால், நல்ல நிலையில் இருந்த ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை மாட்டிவிட்டு அதே விளக்கை மறுபடியும் பார்க்க நேரிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் வயரைக் கழற்றி, வண்டி நின்றுவிடுகிறதா என்று பார்க்கும் பழைய முறையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைத் திடீரெனப் பிரித்தால் மின்னழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல மடங்கு எகிறும்; ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளும், வண்டியின் கணினிகளும் அதில் பழுதாகலாம். இந்தச் சோதனையால் தெரிவதைவிட ஒரு சாதாரண மல்டிமீட்டர் பல மடங்கு தெளிவாகச் சொல்லும்.

அளவீடுகளுக்கு அடிப்படை இதுதான். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, எஞ்சின் அணைத்துச் சில மணி நேரம் ஓய்ந்த நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். உங்கள் 12.1, வண்டி முழுவதும் பேட்டரியை மட்டுமே தின்று ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருக்கிறதா, தளர்ந்து வழுக்குகிறதா, பெல்ட் ஓடும் புல்லி உண்மையிலேயே சுழல்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால் மீட்டரை எடுங்கள்.

எஞ்சினை அணைத்த நிலையில், ஆல்டர்னேட்டரின் பின்புறம் நட்டுப் போட்டு முடுக்கப்பட்ட தடித்த வயர் வரும் முனையில் மீட்டரின் சிவப்பு ஊசியையும், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கருப்பு ஊசியையும் வையுங்கள். அந்த முனை எப்போதும் பேட்டரியோடு நேரடியாக இணைந்திருப்பதால், ஊசி வேறெந்த உலோகப் பகுதியிலும் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள். பேட்டரியில் காட்டும் அதே மின்னழுத்தம் இங்கும் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் வழியில் உள்ள பெரிய பியூஸ் போயிருக்கிறது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் இந்தப் பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையருகிலோ எஞ்சின் அறையின் பியூஸ் பெட்டியிலோ போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். பேட்டரியைத் தவறுதலாகத் தலைகீழாக இணைத்தாலோ, ஜம்பர் வயரை மாற்றி மாட்டினாலோ முதலில் போவது பல வண்டிகளில் இதுதான். நீங்கள் அண்மையில் பேட்டரி மாற்றியிருப்பதால் இதை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்வது நியாயம்.

அங்கே மின்னழுத்தம் சரியாக இருந்தால், எஞ்சினை ஓட விட்டு, தளர்ந்த உடையையும் கையையும் பெல்ட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அதே முனையை மறுபடியும் அளவிடுங்கள். அங்கே 14 வோல்ட்டுக்கு மேல் இருந்து பேட்டரியில் மட்டும் 12.1 என்றால், குற்றவாளி ஆல்டர்னேட்டர் அல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள வயர், இணைப்பு, எர்த் (எஞ்சின் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் பாதை) ஆகியவற்றில்தான் கோளாறு. இதை உறுதி செய்ய, ஹெட்லைட்டையும் ஊதுவிசிறியையும் போட்டுவிட்டு, ஒரு ஊசியை ஆல்டர்னேட்டர் முனையிலும் மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து அளவிடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் உடல் உலோகத்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையிலும் இதேபோல் பாருங்கள், அங்கே 0.2 வோல்ட்டே அதிகம். விளக்குகளைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: களிம்பு பிடித்த ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடையே இருந்தாலும், 50 ஆம்பியர் பாயும்போது அது ஒரு முழு வோல்ட்டை விழுங்கிவிடும், ஆனால் மின்சாரம் பாயாதபோது எதையும் காட்டாது. மீட்டரின் ஓம் அளவிலும் இவ்வளவு சிறிய தடை பிடிபடாது. எர்த் வயரைப் பலர் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

இரண்டு இடங்களிலும் 12.1தான் என்றால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கவில்லை என்பது உறுதி. அப்போதும் அது தானே பழுதானதா, அல்லது தொடங்குவதற்கான சிறு மின்சாரம் அதற்குக் கிடைக்கவில்லையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் காந்தச் சுருளுக்கு, டாஷ்போர்டின் பேட்டரி விளக்கு வழியாகவோ கணினி வழியாகவோ முதலில் சிறிது மின்சாரம் வந்தால்தான் அது காந்தமாகும். விளக்கு வழியாக இயங்கும் பழைய வகை வண்டிகளில், சாவியைத் திருப்பி எஞ்சினைத் தொடங்காத நிலையில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பெரும்பாலும் பல்பு, அதிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு வரும் மெல்லிய வயர், சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் ஆகிய மூன்றில் ஒன்றில் தொடர்பு அறுந்திருக்கிறது. உங்கள் வண்டியில் எரிகிறது என்பதால், அதே நிலையில் ஆல்டர்னேட்டரின் சிறிய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் வயர் சரி; அணையாவிட்டால் அந்த வயர் எங்கோ வண்டியின் உடலோடு உரசி எர்த் ஆகியிருக்கிறது. பிளக்கை மாட்டிய பின், சாவி திருப்பிய அதே நிலையில், புல்லியின் நடுத்தண்டருகே ஓர் இரும்பு ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோனால் காந்தம் இழுப்பதை உணரலாம். இழுப்பு இல்லையென்றால் பிரஷ்களோ, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். பல ஆல்டர்னேட்டர்களில் இந்த இரண்டும் ஒரே சிறு பகுதியாகப் பின்புறம் பொருத்தப்பட்டிருப்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இழுப்பு இருந்தும் மின்சாரம் வரவில்லையென்றால் சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டார் சுருளும் டயோடுகளும் மிஞ்சுகின்றன. ஒரே ஒரு டயோடு கெட்டால் பெரும்பாலும் 12.1 வரை இறங்காது. விளக்கு, விசிறி என மின்பாரம் ஏறும்போது திணறும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது டயோடு பழுதுக்கு வலுவான அறிகுறி. கசியும் டயோடு, நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியை இரவோடு இரவாகக் காலி செய்வதும் உண்டு.

புதிய வண்டிகளில் கணினியே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தி, எரிபொருளை மிச்சப்படுத்தச் சில நேரம் மின்னழுத்தத்தை 12.6 அருகே வேண்டுமென்றே இறக்கிவிடும். ஹெட்லைட் போட்டதும் உயர்ந்தால் அதில் பழுது எதுவும் இல்லை. ஆனால் அப்படி வேண்டுமென்றே இறக்கும்போது எச்சரிக்கை விளக்கு எரியாது, உங்களுடையதில் எரிகிறது. எனவே அந்தக் காரணத்தை விட்டுவிடலாம்.

கடைசியில் ஆல்டர்னேட்டரையே மாற்ற நேர்ந்தால், வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். புதியதை மாட்டியதும், வற்றிப்போன பேட்டரியை அதன் தலையில் கட்டாமல், தனிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் முழு வேகத்தில் மின்சாரம் தந்து அது சூடாகி, முதல் நாளிலேயே தன் ஆயுளில் ஒரு பகுதியை இழக்கக்கூடும்.