கேள்வி நேரம்: மரக்கட்டையும் புகையிலையா?

கேள்வி: வட கரோலினாவில் மென்பொருள் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கராஜில் லேத் போட்டு பிரையர் மரத்தில் புகை பிடிக்கும் பைப் செய்வது என் பொழுதுபோக்கு. வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு தேறும். போன வருடம் மூன்றை விற்றேன். 'நீ இப்போது புகையிலைத் தயாரிப்பாளர், ஜாக்கிரதை' என்கிறார் நண்பர். நான் புகையிலையைத் தொடுவதே இல்லையே சார்!

பதில்: நண்பர் கொஞ்சம் பயமுறுத்துகிறார், ஆனால் பொய் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 2009-ல் வந்த புகையிலைச் சட்டம் முதலில் சிகரெட், கையால் சுருட்டிப் பிடிக்கும் தூள், வாயில் அடக்கும் புகையிலை என்ற அளவில் நின்றது. 2016 ஆகஸ்ட் 8 முதல் எஃப்டிஏ (அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) அதற்குள் சுருட்டு, ஹூக்கா, இ-சிகரெட், பைப் புகையிலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. இவற்றோடு பயன்படும் சாமான்களை இரண்டாகப் பிரித்தார்கள், 'பாகம்' ஒன்று, 'துணைப்பொருள்' ஒன்று. துணைப்பொருளுக்கு விலக்கு உண்டு, பாகத்துக்குக் கிடையாது. சாம்பல் தட்டு, லைட்டர், பைப்பைப் போட்டு வைக்கும் தோல் பை இவை துணைப்பொருள். பைப் பாகம். ஆக, பையைத் தைத்து விற்றால் கேள்வி இல்லை, பைக்குள் போகிற பைப்பைச் செய்து விற்றால் உண்டு.

படிக்கும்போது சிரிப்புதான் வரும். ஆனால் காரணமே இல்லாமல் அப்படி எழுதவில்லை. ஒரு பைப் செய்பவரின் பட்டறையில் நான் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். காம்பு வழியாகப் போடும் துளை நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், அது புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் அடி மட்டத்தில் சரியாக வந்து விழ வேண்டும், கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் கடைசிப் புகையிலை ஈரமாகத் தேங்கிவிடும் என்று டார்ச் அடித்துக் காட்டினார். புகை எப்படி வருகிறது என்பதைப் பைப் தீர்மானிக்கிறது என்றால் அது வெறும் அலங்காரச் சாமான் இல்லை என்ற வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு இடம். 2007 பிப்ரவரி 15 அன்று அமெரிக்கச் சந்தையில் இல்லாத எதுவும் 'புதிய புகையிலைப் பொருள்', அதை விற்க முன் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். ஆலையில் ஒரே அச்சில் லட்சக்கணக்கில் விழுகிற சரக்குக்கு இது பொருந்தும். அன்று அந்தப் பட்டறையில் நான் பார்த்ததைக் கேளுங்கள். மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டுதான் பிரையர். வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உலர்த்திய கட்டை. நான்கு மணி நேரம் இழைத்து, உப்புத்தாளில் கடைசித் தேய்ப்பு தேய்க்கும்போது கிண்ணத்தின் பக்கவாட்டில் கடுகளவு பொக்கை ஒன்று தலைகாட்டியது. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு விட்டார். 'வழவழப்பாக விடலாம் என்றிருந்தேன், இனி மணல் வீசிச் சொரசொரப்பாக்க வேண்டியதுதான்' என்று எடுத்துத் தனியே வைத்தார். ஐந்து நிமிடத்தில் பைப்பின் உருவமே மாறிவிட்டது. இப்படி ஒன்று போல் இன்னொன்று இல்லாத வேலையில் எதை 'பழைய பொருள்' என்பது, எதை எதோடு ஒப்பிட்டு விண்ணப்பம் போடுவது? விதியின் எழுத்தை அப்படியே பிடித்தால் நீங்கள் போன வாரம் முடித்த பைப்கூடப் புதிய பொருள்தான்.

சரி, உங்கள் விஷயம். எச்சரிக்கை வாசகம் அச்சிடும் விதி, புகையிலை கலக்காத பாகங்களுக்கு இல்லை, அதனால் மரத்தில் எதையும் ஒட்ட வேண்டாம். எஃப்டிஏவின் கவனம் இந்தச் சில வருடங்களாகப் பெரும்பாலும் இ-சிகரெட் பக்கம். அதற்காக அலட்சியமாக இருக்காதீர்கள். பைப்போடு ஒரு பொட்டலம் புகையிலையைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையே வேண்டாம், 21 வயது ஆகாதவருக்கு விற்காதீர்கள், மாநிலச் சட்டம் தனி என்பதால் அதையும் பாருங்கள். மூன்று பைப் முப்பதாகிறது என்றால் முதல் லாபத்தை வக்கீலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எனக்குப் பிடித்த பைப் புகையிலைக் கலவைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. எல்லாம் எஃப்டிஏ செய்த வேலையா? (டல்லாஸ் வாசகர்)

பதில்: எல்லாம் இல்லை. டன்ஹில் பிராண்ட் பைப் புகையிலை டப்பாக்கள் நின்றது அந்த நிறுவனத்தின் வியாபார முடிவு, 2019-ல் அதே கலவைகள் பீட்டர்சன் என்ற இன்னொரு பிராண்ட் பெயரில் வந்துவிட்டன. ஆனால் 2007-க்குப் பிறகு பிறந்த கலவைகளுக்கு 2020 செப்டம்பர் 9-க்குள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வருடத்துக்குச் சில நூறு கிலோ கலக்கும் சின்னக் கடைக்காரருக்கு அந்தக் காகிதச் செலவு தாங்காது, பெரிய கம்பெனிக்கு அது ஒரு துறையின் மாதச் சம்பளம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பைப் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. 2009 ஏப்ரலில் கையால் சுருட்டும் தூளுக்கு வரி பவுண்டுக்கு ஒரு டாலர் சொச்சத்திலிருந்து 24.78 டாலராக ஏறியது, பைப் புகையிலைக்கு 2.83 டாலர்தான். அப்புறம் என்ன நடந்திருக்கும்? சுருட்டும் தூள் மூட்டையில் 'பைப் புகையிலை' என்று லேபிள் மாறியது. விற்பனைக் கணக்கில் பைப் புகையிலை எகிறியது, பைப் பிடிப்பவர்கள் கூடவில்லை. பைப் புகையிலையின் பெயரைக் கெடுத்தது எஃப்டிஏ இல்லை.

நீதிமன்றமும் ஒரே மாதிரி பேசவில்லை. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுருட்டு, பைப் புகையிலை இரண்டுக்குமான எச்சரிக்கை வாசக விதியை ரத்து செய்தது. 2023 ஆகஸ்டில் உயர்ரகக் கைச்சுருட்டுகளை 2016 விதியிலிருந்தே விடுவித்தது இன்னொரு தீர்ப்பு. கைவேலைப் பைப்புக்கு அந்த யோகம் அடிக்கவில்லை. சுருட்டுக்காரர்களிடம் சங்கமும் வக்கீல்களும் பணமும் இருக்கின்றன, கராஜில் லேத் வைத்திருப்பவரிடம் லேத்தான் இருக்கிறது.

கேள்வி: புகைப்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா? (மதுரை)

பதில்: நான் புகைப்பதில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் பைப் வாய்ப் புற்றுநோய் தரும். மரம் செதுக்குகிறவரிடமும் சிகரெட் ஆலையிடமும் ஒரே விண்ணப்பப் படிவத்தை நீட்டாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமாவுக்கு ஒரு பைப்பும் புகையிலையும் வாங்கிப் போகிறேன். சென்னை விமான நிலையத்தில் பிடிப்பார்களா?

பதில்: வரியில்லாமல் 125 கிராம் புகையிலை வரை கொண்டுவரலாம். நம் ஊர் 2003 புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் பைப் புகையிலை இருக்கிறது, வெறும் பைப் இல்லை. ஆனால் ஜிஎஸ்டிக்காரர்கள் அதை விடவில்லை, 2025 செப்டம்பரிலிருந்து இங்கே கடையில் வாங்கினால் பைப்புக்கு 40 சதவீதம், அதனால் மாமாவுக்கு அங்கேயே வாங்குவது நல்லது. ஐம்பது கிராம் டப்பா என்றால் இரண்டு போதும், 'ஒன்றுதானே' என்று மூன்றாவதைத் திணிக்காதீர்கள்.