மணலைக் கொட்டி முடித்த பிறகுதான் வேலை ஆரம்பம்

(கடலை நிரப்பித் தீவு கட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். நான் மண் பொறியாளர். நிரப்பிய நிலம் எவ்வளவு இறங்குகிறது, எப்போது இறங்கி முடியும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் அந்தப் பக்கமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கடலில் மணலைக் கொட்டினால் அலை அடித்துக்கொண்டு போய்விடாதா?
– ஒரு பள்ளி மாணவி

போய்விடும். அதனால்தான் முதலில் மணலைக் கொட்டுவதில்லை, வேலி போடுகிறோம். துபாயின் பாம் ஜுமேரா தீவைச் சுற்றிப் பிறை வடிவத்தில் 11 கிலோமீட்டருக்கு ஓர் அலைத்தடுப்பு இருக்கிறது. உள்ளே சின்னக் கல், அதன்மேல் கொஞ்சம் பெரிய கல், வெளிப்பக்கம் அலையை நேராக வாங்கிக்கொள்ளும் பெரும் பாறைகள் என்று அடுக்கடுக்காகக் கட்டியது. ஹாங்காங்–ஜூஹாய்–மக்காவ் பாலத்துக்காக இரண்டு தீவுகள் கட்டியபோது சீனப் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். 22 மீட்டர் விட்டமுள்ள 120 இரும்பு உருளைகளைக் கடலடிச் சேற்றுக்குள் வரிசையாக இறக்கி வேலி ஆக்கினார்கள்.

வேலி நின்ற பிறகு ட்ரெட்ஜர் கப்பல் வரும். கடலடியில் மணலைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து, குழாய் வழியாகத் தள்ளும். அல்லது முன்பக்கத்து முனையிலிருந்து வானவில் போல வளைத்துப் பீய்ச்சும். குழாய்க்குப் பக்கத்தில் நின்றால் சிப்பியும் சரளையும் இரும்பில் உரசிக்கொண்டு ஓடும் சத்தம் காதைக் கிழிக்கும். பழகிய ஆட்களுக்கு அந்தச் சத்தமே போதும். கரகரவென்று கேட்டால் நல்ல மணல் வருகிறது. சத்தம் அடங்கி மொத்தென்று ஆகிவிட்டால் சேறு வர ஆரம்பித்துவிட்டது. உடனே கப்பலுக்குச் சொல்லியாக வேண்டும்.

பாலைவனத்திலேயே மணல் கொட்டிக் கிடக்கும்போது துபாய்க்காரர்கள் எதற்குக் கடலடியில் தோண்டினார்கள்?

பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு மெலிந்து, வழவழப்பாகிப் போனது. தண்ணீரில் விழுந்தால் பரந்துபோகும், ஒன்றையொன்று பிடித்து நிற்காது. கடல்மணல் கொஞ்சம் பருமனானது, முனையுள்ளது. பாம் ஜுமேராவுக்கு சுமார் 9.4 கோடி கன மீட்டர் மணலை வளைகுடாவின் அடியிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஜப்பானில் கன்சாய் விமான நிலையம் மூழ்கிக்கொண்டே இருக்கிறது என்று காணொளி பார்த்தேன். இவ்வளவு கெட்டிக்காரர்கள் கட்டியது ஏன் மூழ்குகிறது? கணக்கில் தப்பு நடந்ததா?
– கட்டடத் துறையில் படிக்கும் மாணவர்

மூழ்குவது வேறு, அமர்வது வேறு. கடலை நிரப்பிய தீவின்மேல் நிற்கும் கன்சாய் அமர்கிறது. அமரும் என்று தெரிந்துதான் கட்டினார்கள்.

கடலடியில் இருக்கும் களிமண்ணைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சோதனைக்காகக் குழாயில் எடுத்து வரும் மாதிரியை மேஜைமேல் வைத்தால் வெண்ணெய் போல இருக்கும், கட்டைவிரல் தானாக உள்ளே போகும். அதன் கன அளவில் பெரும்பங்கு தண்ணீர். அதன் தலைமேல் பல மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டினால் பாரம் முழுவதையும் முதலில் தாங்குவது அந்தத் தண்ணீர்தான். பிறகு தண்ணீர் மெல்ல வெளியே கசியும். கசியக் கசியக் களிமண் நெருங்கும். நெருங்கினால் மேல்தளம் இறங்கும். தண்ணீர் வெளியேறும் வேகம்தான் தீவின் வேகம். தீவு கட்டும் தொழில் என்பதே களிமண்ணிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் தொழில் என்று நான் இளைஞர்களிடம் சொல்வதுண்டு. மணல் கொட்டுவதைக் கப்பல் பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் வெளியேறப் போக வேண்டிய தூரம் பாதியானால் நேரம் கால்பங்காகிவிடும். அதனால் களிமண்ணுக்குள் செங்குத்தாக வடிகால்கள் இறக்குகிறோம். இன்று பெரும்பாலும் அது ஒரு பிளாஸ்டிக் பட்டை: நாலு விரல் அகலம், சில மில்லிமீட்டர் தடிமன், சுற்றிலும் வடிகட்டித் துணி. இயந்திரம் ஒரு இரும்புக் குழலுக்குள் அதை வைத்து அழுத்தி அடிவரை கொண்டுபோய், பட்டையை அங்கேயே விட்டுவிட்டுக் குழலை மட்டும் உருவிக்கொள்ளும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வீதம் தளம் முழுக்க நாற்று நட்டது போல இந்தப் பட்டை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கூடுதலாக மண் மேடு ஏற்றிய சில நாட்களில் அந்த முனைகளைச் சுற்றி ஈரம் படர ஆரம்பிக்கும். அப்போது எனக்கு வரும் சந்தோஷம் வேறு. பல பத்தாண்டு ஆக வேண்டியது சில மாதங்களில் நடக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கன்சாயில் இப்படித்தான், ஆனால் மணல் நிரப்பிய வடிகால்களை, முதல் தீவுக்கு மட்டும் சுமார் 10 லட்சம் இறக்கினார்கள். மேல் களிமண் சுமார் 20 மீட்டர். அது சொன்னபடி கேட்டது. சிக்கல் அதற்கும் கீழே. அங்கே இன்னும் பழைய களிமண் அடுக்குகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை போகின்றன. அவ்வளவு ஆழத்துக்கு வடிகால் இறக்க வழியில்லை. அந்த அடுக்குகள் தங்கள் பாட்டுக்கு மெல்லத் தண்ணீரை விடுகின்றன. மண் கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தீவு 13 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. பெரும்பகுதி 1994இல் விமான நிலையம் திறக்கும் முன்பே இறங்கி முடிந்தது. இப்போதைய வேகம் ஆண்டுக்கு சில சென்டிமீட்டர்தான்.

எல்லா இடமும் ஒரே அளவு இறங்கினால்கூடப் பரவாயில்லை; ஒரு மூலை அதிகம், ஒரு மூலை குறைவு என்று இறங்குவதுதான் கட்டடத்தை உடைக்கும். அதற்காக முனையக் கட்டடத்தின் தூண்களுக்கு அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தி, இரும்புத் தகடுகளைச் செருகி மட்டம் சரிசெய்யும் ஏற்பாட்டை முதலிலேயே வைத்துவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் இறங்கியது உண்மை. ஆனாலும் இறங்கும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு வழி வைத்துக் கட்டியதால்தான் அந்தக் கட்டடம் நிற்கிறது.

வெளிநாட்டில் ஒரு செயற்கைத் தீவில் ஃபிளாட் வாங்க யோசிக்கிறோம். விற்பவர்கள் கடல் காட்சியைப் பற்றியே பேசுகிறார்கள். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– ஓய்வை நெருங்கும் தம்பதி

முதல் கேள்வி: நிரப்பி முடித்து எத்தனை வருடம் ஆயிற்று, அதில் எத்தனை மாதம் மேடு ஏற்றிச் சும்மா விட்டு வைத்தார்கள்? தளத்தில் அங்கங்கே ஓர் இரும்புத் தகடும் அதிலிருந்து மேலே நீளும் கம்பியும் வைத்து, கம்பியின் உயரத்தை வாராவாரம் அளந்து எழுதுவோம். அந்த அளவுகளை வரைபடமாகப் போட்டால் முதலில் சரிவாக இறங்கி, அப்புறம் படுத்துக்கொண்டே வரும் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு படுத்துவிட்டதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விஷயம். வாங்குபவர்கள் கேட்டால் காட்டக்கூடிய காகிதம்தான் அது. இல்லை என்று சொன்னால் நான் வாங்க மாட்டேன்.

இரண்டாவது: கட்டடம் பெரும்பாலும் கடினத்தளம் வரை பைல் (ஆழத்துக்கு இறக்கும் அடித்தளத் தூண்) இறக்கி நிற்கும், அது அநேகமாக அசையாது. சுற்றியுள்ள தரை இறங்கும். ஆகவே நிரப்பிய நிலத்தில் ஒரு பத்து வருடப் பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனால், நான் வரவேற்பறைக்குள் நுழைவதற்கு முன் வாசல்படியைத்தான் பார்ப்பேன். கடைசிப் படிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா? பிற்பாடு ஒரு அரைப் படி சேர்த்துப் பூசியிருக்கிறார்களா? சுவரைத் துளைத்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் வளைந்து கொடுக்கும் இணைப்போடு இருக்கிறதா, இல்லை விறைப்பாகச் சிமெண்டில் பூசி வைத்திருக்கிறார்களா? விறைப்பான குழாய் என்றைக்கோ ஒருநாள் முறியும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பராமரிப்புச் செலவில் பாதி இங்கேதான் போகும்.

மூன்றாவது, கடல்மட்டம். தீவின் தரை எத்தனை மீட்டர் உயரம் என்று மட்டும் கேட்டால் போதாது. இன்னும் இறங்கப்போவது எவ்வளவு, கடல் ஏறப்போவது எவ்வளவு என்று இரண்டையும் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். மாலத்தீவில் ஹுல்ஹுமாலே தீவை 1997இல் நிரப்பத் தொடங்கினார்கள். சுமார் 2 மீட்டர் உயரம் வைத்தார்கள். அந்த நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம்கூட இல்லை என்பதால் அங்கே அது பெரிய உயரம். கன்சாயில் 2018 செப்டம்பரில் ஜெபி சூறாவளி வந்தபோது அலை தடுப்புச் சுவரைத் தாண்டி ஓடுபாதையை மூடியது. அதே நாளில் ஒரு எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போய்த் தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பிறகு சுவர்களை உயர்த்தினார்கள். தீவுக்குப் போக ஒரே பாலமா, வேறு வழி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

தண்ணீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கினால் சற்று நேரத்துக்குக் குழம்பாகிவிடும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் நடந்தது இதுதான். அங்குள்ள போர்ட் ஐலண்ட், ரொக்கோ ஐலண்ட் இரண்டும் மலையை வெட்டிய மண்ணால் நிரப்பியவை. பூமிக்குள்ளிருந்து மண்ணும் தண்ணீரும் பீறிட்டு வீதியெல்லாம் சேறு. துறைமுகச் சுவர்கள் கடல் பக்கமாகச் சில மீட்டர் நகர்ந்துபோயின. ஆனால் அதே தீவில் முன்கூட்டியே மண்ணை அதிர வைத்து இறுக்கியிருந்த இடங்கள் பெரிய சேதமில்லாமல் தப்பின. இறுக்குவதற்கு ஆகும் செலவை வீண் என்று யாராவது சொன்னால் கோபேயின் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

நெதர்லாந்துதான் இதில் முன்னோடி என்கிறார்கள். அவர்களும் இப்படித்தான் மணல் கொட்டினார்களா?

இல்லை. ஃப்ளெவோபோல்டர்தான் உலகத்தின் மிகப் பெரிய செயற்கைத் தீவு, சுமார் 970 சதுர கிலோமீட்டர். அதை நிரப்பவே இல்லை. ஏரியைச் சுற்றிக் கரை எழுப்பி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியே விட்டார்கள். கிழக்குப் பகுதி 1957இலும் தெற்குப் பகுதி 1968இலும் தரை தெரிந்தது. சேற்றை உலர்த்த விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் தண்ணீரைக் குடித்து மண்ணை இறுக்கியது. இன்று அல்மேரே நகரில் 2 லட்சம் பேருக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே வாழ்கிறார்கள். பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைத் தீவாகவே விட்டதற்கும் காரணம் உண்டு. அதற்கு முந்தைய போல்டரை (இப்படிக் கரைகட்டி நீர் இறைத்து எடுத்த நிலத்தை) பழைய நிலத்தோடு ஒட்டிச் செய்தபோது பக்கத்து ஊர்களின் நிலத்தடி நீர் இறங்கிப்போனது. அதனால் இந்தமுறை நடுவில் நீர்ப்பட்டையை விட்டு வைத்தார்கள். சிங்கப்பூரும் இப்போது தெக்கோங் தீவில் இந்த முறையைக் கையாண்டிருக்கிறது. மணல் குறைவாகத் தேவைப்படும் என்பதே பெரிய காரணம். பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாக மணல் ஏற்றுமதியை நிறுத்தின. 1997இல் மலேசியா, 2003இல் இந்தோனேசியா கடல்மணலை நிறுத்தியது.

உங்கள் தீவுகளால் மீனவர்களுக்கு என்ன நன்மை?
– மீன்பிடித் தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்

நேரடி நன்மை இல்லை. கெடுதி மூன்று இடத்தில் நடக்கிறது. தீவு உட்காரும் இடத்தில் கடலடி உயிர்கள் புதைகின்றன. மணல் எடுத்த இடத்தில் பள்ளம் விழுகிறது. அங்கே சேறு சேர்கிறதே தவிர பழைய மணல் சீக்கிரம் திரும்புவதில்லை. மூன்றாவது, கலங்கல். அது நீரோட்டத்தோடு போய், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பவளப் பாறைமேலும் கடற்புல்மேலும் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. கலங்கலை மறிக்க மிதவையில் திரை தொங்கவிடுகிறோம். அமைதியான கடலில் அது வேலை செய்யும். அலையும் நீரோட்டமும் அதிகமானால் திரை மடங்கிக்கொள்ளும். அப்போது வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ட்ரெட்ஜருக்கு வாடகை ஓடும். அந்த வாடகைக்குப் பயந்து கலங்கலோடு வேலையைத் தொடர்வது குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

வலை போடும் காலமும் மீன் முட்டையிடும் காலமும் உங்களுக்குத்தான் தெரியும். திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வேலை ஆரம்பித்த பிறகு நடத்தும் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை. நீரோட்டம் விஷயமும் அப்படித்தான். பாம் ஜுமேராவின் பிறை முழுவதையும் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி அழுகியிருக்கும் என்று தெரிந்து, இரண்டு இடங்களில் திறந்துவிட்டார்கள்.

நானே ஆழ்கடலில் ஒரு தீவு கட்டித் தனிநாடு அறிவிக்கலாமா?

முடியாது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி செயற்கைத் தீவுக்கு என்று தனியாகக் கடல் எல்லை கிடையாது. சுற்றிலும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் மட்டும் வைக்கலாம். கரையோர நாட்டின் பொருளாதார மண்டலத்துக்குள் (கடல்வளங்களில் அந்த நாட்டுக்கு உரிமையுள்ள பகுதிக்குள்) என்றால் அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் கட்டவே முடியாது.

நிரப்பிய மண்ணில் மரம் வளருமா? கிணறு தோண்டலாமா?

கடல்மணலில் உப்பு இருக்கும். மழை அதைக் கழுவிக் கீழே இறக்க வருடங்கள் ஆகும். அவசரப்பட்டு நடுபவர்கள் வளமான மண்ணைக் கொண்டுவந்து மேலே போடுகிறார்கள், உப்பு தாங்கும் மரங்களாகப் பார்த்து நடுகிறார்கள். பொறுமை இருந்தால் ஒன்றும் நடாமலேயே பார்க்கலாம். டென்மார்க்–சுவீடன் பாலத்துக்காகக் கட்டிய பெபர்ஹோல்ம் தீவில் எதையும் நடாமல் அப்படியே விட்டார்கள். காற்றும் பறவையும் கொண்டுவந்த விதைகளில் இன்று 500க்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே இருக்கின்றன.

கிணறு என்றால், தீவு அகலமாக இருக்க வேண்டும், மழையும் வேண்டும். மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும்: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை இருக்கும் என்பது கணக்கு. ஒடுங்கிய தீவில் அந்த 1 மீட்டர் நிற்காது, பக்கவாட்டில் வடிந்துவிடும். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், ஏறிய உப்பு இறங்க நாளாகும். அதனால் இப்படிப்பட்ட தீவுகளில் குடிநீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தோ, கரையிலிருந்து குழாய் போட்டோதான் வருகிறது. கிணற்றுத் தண்ணீரை நம்பி அங்கே தோட்டம் போடாதீர்கள்.