இரண்டு நாள் யோசிக்கிற பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

"பத்து வரி புரோகிராமில் ஒரு தப்பு என்றால் இரண்டு நாள் உட்கார்ந்துவிடுகிறாள். கம்பெனியில் இவளை யார் சார் வைத்துக்கொள்வார்கள்?" பிளஸ் டூ படிக்கும் மகளைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பெண்ணின் தாய்மாமா பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார். எழுதிய புரோகிராமை மேலோட்டமாகப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஏ.ஐ. - டேட்டா சயின்ஸ் பி.டெக்.குக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டும் பேசி வைத்திருக்கிறாராம்.

கவலைப்படாதீர்கள் அம்மா என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் மாமா சொல்வதில் பாதிதான் சரி. பட்டனின் நிறத்தை மாற்றியதற்கு ஆராய்ச்சி எதற்கு? ஒரு பார்வை போதும். அந்தப் பழக்கம் வேலைக்குப் போனால் தானாக வந்துவிடும். தப்பு எங்கே என்று விடாமல் தேடும் குணம் அப்படி வருவதில்லை.

இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பிழை இருந்தது. எதிர்முனைக் கணினி, தான் அனுப்பிய தகவல் இவ்வளவு நீளம் என்று சொல்வது உண்மைதானா என்று சரிபார்க்காமல் விட்டது, அவ்வளவுதான். இன்னொருவர் பார்த்து, அதாவது ரிவ்யூ முடிந்து, ஒப்புதல் வாங்கிய கோட்தான் அது. 2012 மார்ச்சில் வெளியானது, 2014 ஏப்ரலில்தான் அம்பலமானது. 2024 மார்ச்சில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடாமல் தோண்ட, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த கள்ளக்கதவு வெளியே வந்தது. உங்கள் பெண் இந்த ஜாதி. எழுதித் தள்ள இப்போது ஏ.ஐ. இருக்கிறது. எழுதியது சரியா என்று உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

ஜேஇஇ, பொறியியல் கவுன்சலிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சிறுசேரி சிப்காட்டில் ஐடி கட்டடங்களுக்கு நடுவே சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது, ஆங்கிலப் பெயரைச் (சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்) சுருக்கி சி.எம்.ஐ. என்பார்கள். 1989-இல் தொடங்கியது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ், மூன்று வருடம். "பி.எஸ்சி.யா?" என்று மாமா முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஜேஇஇ மதிப்பெண் தேவையில்லை, அவர்களே நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள், பெரும்பாலும் மே மாதத்தில். அதில் விரிவாக எழுதும் பகுதி ஒன்று உண்டு. விடை மட்டும் போட்டால் மார்க் கிடையாது, எப்படி வந்தது என்று முழுக் காரணமும் எழுத வேண்டும். உள்ளே போனால் புரோகிராமிங்கை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் தொடங்குவார்கள். அப்புறம் தர்க்கம், அல்காரிதம், கணினியின் கணித மாதிரிகளான ஆட்டோமேட்டா. ஒரு மென்பொருள் தப்பாக நடக்காது என்று கணித ரீதியாக நிரூபிக்கிற துறையில் பல வருடங்களாக ஆராய்ச்சி செய்பவர்கள் அங்கே பாடம் எடுக்கிறார்கள்.

கணக்கில் பிடிப்பு இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வரக்கூடாது. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒன்றை எடுத்து அவளிடம் கொடுங்கள். யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்து போட்டால் விண்ணப்பியுங்கள், தூக்கி வைத்துவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

சீட் கிடைப்பது கஷ்டம்தான். அதனால் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். இன்னும் அட்வான்ஸ் கட்டவில்லை என்றால், கட்டப் போவதில்லை என்று இந்த வாரமே உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.