ஃபைபர் படகின் முன்பக்கத்தில் நங்கூர ரோலர்: எங்கே, எப்படிப் பொருத்துவது?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். 16 அடி ஃபைபர் படகு, 15 குதிரைசக்தி இன்ஜின். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்னாம் ஆற்றிலும் முகத்துவாரத்திலும் தூண்டில் போடுவோம். மடக்கு நங்கூரத்தைக் கையால் இறக்கி, கயிற்றைப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் கட்டுகிறோம். படகு குறுக்கே திரும்புகிறது, கயிறு விளிம்பை அறுக்கிறது, சேற்றில் நங்கூரம் நிற்பதில்லை. முன்பக்கத்தில் ரோலர் வைத்தால் சரியாகுமா?

பதில்: ரோலர் வைத்தால் விளிம்பு தப்பும், படகும் நீரோட்டத்துக்கு நேராக நிற்கும். நங்கூரம் வழுக்குவது வேறு கோளாறு. அதை முதலில் தீர்த்துவிடுங்கள்; ரோலரின் அளவே நங்கூரத்தைப் பொறுத்ததுதான்.

மடக்கு நங்கூரம் பாறையில் மாட்டிக்கொள்ளும். முகத்துவாரத்தின் களிச்சேற்றில் அதன் மெல்லிய கைகள் கீறிக்கொண்டே வரும். உங்களுக்கு வேண்டியது அகன்ற தகடுகள் உள்ள டான்ஃபோர்த் வகை. 4 கிலோ போதும். வற்று நீர் இழுக்கும் இடங்களில் 5 கிலோ. அதோடு துத்தநாகம் பூசிய 6 மி.மீ. சங்கிலி 5 மீட்டர் சேருங்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ வரும் அந்த எடைதான் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது. தண்டு தூக்கிக்கொண்டால் தகடு சேற்றுக்குள் இறங்காது. கயிறு 10 மி.மீ. முப்புரி நைலான். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல, பச்சைக் கயிறு மிதந்து புரொப்பெல்லரில் சுற்றும், வெயிலில் பொடிந்துபோகும். அதை வாங்க வேண்டாம்.

நீளத்தை நீர் ஏறிய நேரத்து ஆழத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வற்றில் 4 மீட்டர் என்றால், அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கு 3 மீட்டர், தண்ணீரிலிருந்து ரோலர் வரை அரை மீட்டர், மொத்தம் 7.5. சாதாரண நாளில் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 37.5 மீட்டர். காற்று கிளம்பினால் ஏழு மடங்கு, 52.5 மீட்டர். 50 மீட்டர் கயிறும் சங்கிலியும் சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும். விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா காற்றில் அந்த மீதிக் கயிறுதான் காப்பாற்றும்.

இனி பொருத்தும் வேலை. ரோலர் கயிற்றுக்கு வழி காட்டுவதற்கு மட்டும்தான். இழுவை முழுவதும் அதன் பின்னால் உள்ள கிளீட்டில், அதாவது கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரட்டைக் கொம்பில், விழ வேண்டும். கைப்பிடிக் கம்பி ஆள் பிடிக்கச் செய்தது. அதன் சின்னத் திருகுகள் ஒரு நாள் தளத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். ரோலருக்கு நேர் பின்னால் 30 முதல் 40 செ.மீ. தள்ளி, 200 மி.மீ. கிளீட் ஒன்றை நான்கு போல்ட்டில் மாட்டுங்கள்.

இதில் அதிகம் கெட்டுப்போவது தளம்தான். இந்த அளவுப் படகுகளில் முன் தளம் பெரும்பாலும் சில மி.மீ. ஃபைபர் மட்டும், அல்லது நடுவே பிளைவுட் வைத்தது. அதில் நேரே போல்ட் அடித்தால் ஒவ்வொரு அலைக்கும் தளம் வளையும், துளை அகலும், தண்ணீர் இறங்கும், உள்ளே பிளைவுட் அழுகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருப்பதால் போல்ட் பிடுங்கும்வரை தெரியாது. எனவே தளத்தின் அடியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை ஒன்றை, ரோலரும் கிளீட்டும் அதற்குள் அடங்கும் அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும். அடியில் கை போகாவிட்டால் 150 மி.மீ. வட்ட மூடி ஒன்றைத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நட்டைச் சோதிக்கவும் அது உதவும்.

பலகையின் ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள். ஒட்டும் இடத்தை 60 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, எப்பாக்ஸி வையுங்கள். பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் ரெசின் அவ்வளவாகப் பிடிக்காது. பலகைக்கு மேல் நெய்த கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, படகின் இரு பக்கச் சுவர்களிலும் 75 மி.மீ. ஏறும்படி போடுங்கள். இழுவை அப்போதுதான் தளத்தோடு நிற்காமல் சுவருக்குப் போய்ச் சேரும். கடையில் சாதாரணமாகத் தரும் கண்ணாடி நார்ப்பாய் இதற்கு வேண்டாம். அதைக் கட்டிவைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவது; எப்பாக்ஸியில் கரையாது, பாய் விறைத்துக்கொண்டு நிற்கும். காலைப் பனி காய்ந்தபின் வேலை செய்யுங்கள். ஈரக் காற்றில் எப்பாக்ஸியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் வரும். தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் அதன் மேல் அடுத்த பூச்சு போட்டால் உரிந்துவிடும்.

8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 13 மி.மீ. துளை போட்டு, ஃபில்லர் மாவு கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 8.5 மி.மீ. துளை போடுங்கள். கொஞ்சம் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட், நட், அகல வாஷர் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது. போல்ட்டின் தலையில் 316-ஐக் குறிக்கும் ஏ4 (A4) என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். சீலுக்குப் பாலியூரிதேன் போதும், குளியலறை சிலிகான் கூடாது. இறுக்கும்போது மேலே போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே நட்டைத் திருப்புங்கள். தலை சுற்றினால் சீல் கிழியும்.

ரோலரின் முனை படகைவிட 8 முதல் 10 செ.மீ. வெளியே நீளட்டும். அதற்குக் குறைந்தால் ஏறி வரும் தகடு முகப்பைக் கொத்தும். அதிகமானால் நெம்புகோலாகிப் பின் போல்ட்டுகளைத் தூக்கும். பக்கத் தகடு 4 மி.மீ. இருக்கட்டும், கயிறு தொடும் ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். கயிறு துள்ளி வெளியேறாமல் குறுக்கே ஒரு பின் அவசியம். நங்கூரம் ரோலரில் இருக்கும்போது அந்தப் பின்னை மட்டும் நம்பாமல் கிளீட்டோடும் கட்டிவிடுங்கள். ஓட்டத்தில் நங்கூரம் தண்ணீரில் விழுந்து பிடித்தால் படகு கவிழும்.

கட்டும்போது எப்போதும் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் தாழ்வு, இன்ஜின் எடையும் அங்கேதான். நீரோட்டம் இழுத்தால் தண்ணீர் நேரே உள்ளே வரும். இறக்கியபின் மெதுவாகப் பின்னோட்டி இழுத்து ஊன்றுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரங்களைக் குறிவைத்தால் வழுக்கல் உடனே தெரியும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் திரும்பும்போது நங்கூரம் பிடுங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் யாரும் தூங்க வேண்டாம். தூக்கும்போது இன்ஜினால் நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து, கயிற்றைக் கிளீட்டில் இறுக்கிக் கட்டிக் காத்திருங்கள். அலை தூக்கும்போது படகே பிடுங்கிக் கொடுக்கும்.

மழைக்குப் பிறகு ஆற்றில் மரக்கட்டையும் நீப்பா பனை மட்டையும் வரும். கயிற்றில் சிக்கினால் நீரோட்டத்தின் பளு பல மடங்காகும். அதனால் கயிற்றின் கடைசி முனையைப் படகினுள் ஒரு வளையத்தில் மெல்லிய நூலால் கட்டி, பக்கத்திலேயே கத்தியும் ஒரு மிதவையும் வையுங்கள். அவசரத்தில் மிதவையைக் கட்டி நூலை அறுத்துவிட்டால், நங்கூரத்தை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.